அய்யாத்துரையின் ரத்தம்

“இல்லைன்னே எழுதி அனுப்பிடட்டுமா மேடம்?” என்றார் மரியதாஸ்.

பாதி ஆயுளை வார்டில் கழித்துவிட்டு, இப்போதுதான் ஆய்வக வேலை கற்க வந்திருக்கும் டாக்டர். அவருக்கு வாய்த்த குரு நசீமா வயதில் இளையவர். பேச்சில் மகா கஞ்சம்.

அவர்கள் தேடியது ரத்தப் புற்றில் உருவாகும் ஒரு கள்ளப் புரதம். தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு புரதங்கள் தலையும் வாலுமாக ஒட்டிக்கொண்டதால் பிறந்தது. ரத்தச் செல்களை உடைத்துச் சாறெடுத்துக் குழாயில் விட்டால், அங்குள்ள நுண்மணிகள் தலையைப் பிடிக்கும், ஒளிரும் சாயம் வாலைப் பிடிக்கும். இரண்டும் ஒரே புரதத்தில் இருந்தால்தான் கருவியில் வெளிச்சம்.

ரத்தப் புற்று வந்த லாரி ஓட்டுநர் அய்யாத்துரையின் ரத்தத்தில் வெளிச்சமே இல்லை.

கள்ளப் புரதம் இருந்தால் அதற்கென்றே மாத்திரை உண்டு, மனிதர் பிழைத்துக்கொள்வார். இல்லையென்றால் பாடு பெரும்பாடு. அவர் மனைவி பேச்சியம்மா காலையிலிருந்து வாசலில் நிற்கிறார்.

“கருவி சரியா இருக்கா?” என்றார் நசீமா.

“பிரமாதமா இருக்கு. அந்தப் புரதம் இருக்கறது உறுதியான இன்னொருத்தர் குழாய் பளிச்சுன்னு மின்னுது.”

“அந்தச் செல்லுச் சாறுல கொஞ்சம் எடுத்து, இவரோடதுல கலந்து பாருங்க.”

“நல்லா இருக்கறதையும் கெடுக்கவா?”

நசீமா புதுக் கையுறையை எடுத்து நீட்டினார்.

மரியதாஸ் முணுமுணுத்துக்கொண்டே கலந்தார். காத்திருந்தார். கருவியில் வைத்தார்.

இருட்டு.

“மேடம்! இருந்ததும் போச்சு!”

“எங்க போச்சு?”

மரியதாஸ் குழாயைத் தூக்கிப் பிடித்து முறைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலி பின்னால் சரிய எழுந்துவிட்டார்.

“தின்னுடுச்சு! செல்லை உடைச்சதும் அதுக்குள்ள இருந்த செரிமானச் சரக்கு வெளிய வந்து, நாம தேடுறதுக்குள்ள புரதத்தையே தின்னுடுது!”

“இவரோட உடைக்காத செல் மிச்சம் இருக்கா?”

“இருக்கு.”

“முதல்ல அந்தச் சரக்கோட வாயைக் கட்டுங்க. அப்புறம் உடைங்க.”

செரிமானத்தைத் தடுக்கும் மருந்தைப் போட்டார். பிறகு உடைத்தார். சாறைக் கருவியில் வைத்தார்.

வெளிச்சம்!

மரியதாசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வாசலுக்கு ஓடினார்.

“இருக்கும்மா! இருக்கு!”

பேச்சியம்மா பதறிப்போனார். “என்னய்யா இருக்கு?”

“வியாதிதாம்மா,” என்றார் மரியதாஸ், வாயெல்லாம் பல்லாக. “மாத்திரைக்கு அடங்குற வியாதி!”