ராஜாவின் முதுகும் கீழத்தெரு ஊருணியும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். தங்கமான மனிதர், ஆனால் யாராவது மனுவோடு வந்தால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒருநாள், தெருவுக்கு ஓர் ஆளைக் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். இனி அவர்கள் சபையில் பேசினால் போதும், ஜனங்கள் வரவேண்டாம் என்று உத்தரவு.

கீழத்தெருவின் ஆளாக வந்த வெள்ளையப்பர், அரண்மனைச் சாப்பாடு பிடித்துப்போய்த் தெருப்பக்கம் போவதையே விட்டுவிட்டார். கீழத்தெரு ஊருணியைத் தூர்த்துக் குதிரை லாயம் கட்டலாம் என்றார் மந்திரி திருமேனியார். வெள்ளையப்பர் தலையாட்டினார். அந்தத் தெருவுக்குக் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது.

விகடகவி சடையன் எழுந்தான். "அரசே, தெருவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு..."

அவனைக் கண்டாலே மந்திரிக்கு வயிறு எரியும். "தேர்ந்தெடுத்தாயிற்று. அப்புறம் ஜனங்களுக்கு என்ன பேச்சு?" என்றார்.

ராஜாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. "நாளை மண் கொட்டட்டும். இனி இந்தச் சபையில் ஊருணி என்று யார் வாயெடுத்தாலும் நாட்டை விட்டுப் போகவேண்டும்."

மறுநாள் சித்திரை வெயில் கொளுத்தியது. சரிகை அங்கிக்குள் ராஜாவின் முதுகெல்லாம் வேர்க்குரு. அரிப்பு தாங்கவில்லை, கையும் எட்டவில்லை. சொறிந்துவிடப் பலரும் ஓடிவந்தார்கள். ராஜா சடையனைக் கைகாட்டினார்.

சடையன் வலது தோளைச் சொறிந்தான்.

"அங்கே இல்லையப்பா, கீழே."

மறுபடியும் வலது தோள்.

"இடது பக்கம்! காது கேட்கவில்லையா?"

"நன்றாகக் கேட்கிறது, அரசே. ஆனால் என்னைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அப்புறம் முதுகுக்கு என்ன பேச்சு?"

மந்திரி துள்ளி எழுந்தார். "அரசே, ஊருணியைத்தான் குத்திக்காட்டுகிறான். நாடு கடத்துங்கள்."

"அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. சொன்னவர் மூட்டை கட்டட்டும்" என்றான் சடையன்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "யாரும் போகவேண்டாம். முதலில் இடது பக்கம் சொறியப்பா." சடையன் சொன்ன இடத்தில் சொறிந்தான். ராஜாவுக்குக் கண் சொருகியது. "அரிக்கிறவனைக் கேட்டுத்தான் சொறிய வேண்டும்" என்றார் மெதுவாக.

ஊருணி பிழைத்தது. தெருவில் உட்கார்ந்து கேட்காமல் இனி எவரும் தலையாட்டக் கூடாது, ஆட்டினால் தெருவே அவரைத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவாயிற்று. வெள்ளையப்பர் அன்றே வேர்க்க விறுவிறுக்கக் கீழத்தெருவுக்கு நடந்தார். அவருக்குக் குடிக்க ஒரு சொம்பு ஊருணித் தண்ணீர் கொடுத்தார்கள்.

ராஜா மகிழ்ந்துபோய்ச் சரிகை அங்கியைக் கழற்றிச் சடையனுக்கே பரிசளித்தார். அவன் அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். போட்டுக்கொள்ள அவனுக்கென்ன பைத்தியமா?