சனி ஞாயிறு விருந்தாளி

மலையடிவார மடத்தில் குருவம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சீடன் மாசிலாமணியைவிட இளையவர்தான். ஆனால் பெற்றவர்கள் வைத்த பேரே குருவம்மாள். அப்புறம் குருவாகாமல் வேறென்ன ஆவார்?

மாசிலாமணி எதிரே வந்து உட்கார்ந்தான். மனைவியைப் பிரிந்து ஒரு வருஷம். எட்டு வயது மகள் தாயிடம் இருந்தாள். சனி, ஞாயிறு மட்டும் இவனிடம் வரலாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது.

“அம்மா, வெள்ளிக்கிழமையும் வேணும்னு மனு போடப் போறேன்.”

“எதுக்கு?”

“ரெண்டு நாள்ல பிள்ளை ஒட்ட மாட்டேங்குதும்மா. ஞாயிறு மத்தியானமே, ‘எப்பப்பா வீட்டுக்குப் போகலாம்’னு கேக்குறா. அப்ப என் வீடு வீடில்லையா?”



“வந்தா அவளுக்கு என்ன செய்வே?”

உடனே முகம் மலர்ந்துவிட்டது. பிரியாணி, புது கவுன், சினிமா. மகளை ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட விடமாட்டான். அதட்டி ஒரு வார்த்தை பேசமாட்டான். தலைதீபாவளி மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு கவனிப்பு நடக்காது, போங்கள்.

“விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க,” என்றார் குருவம்மாள். “மூணாவது நாளையும் வாங்கிட்டா, அதுக்கு மேல என்ன செய்வே?”

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. “வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?”

அவர் உரிக்காத வெங்காயத்தில் இரண்டு கை அள்ளி அவன் துண்டில் போட்டார். “இதை அவகிட்டக் கொடுத்து உரிக்கச் சொல்லு.”

“கண்ணு எரியுமேம்மா. சின்னப் பிள்ளை.”

“எரியட்டும்.”

திங்கட்கிழமை காலையில் விறுவிறுவென்று வந்தான். நல்ல கோபம்.

“உங்க பேச்சைக் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். உரின்னா, ‘நீயும் உட்கார்ந்து உரி’ங்கிறா. சாம்பார்ல உப்பில்லைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறா. குளிச்சுட்டு ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டா. அதட்டிட்டேன்.”

“அழுதாளா?”

“அழுறதா? என்னோட மல்லுக்கு நிக்கிறாம்மா. ‘என் ரூமுக்குள்ள நீ வராதே’ன்னு சொல்லிட்டுக் கதவைப் படார்னு சாத்திக்கிட்டா.”

குருவம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு ரூம்னு சொன்னா?”

“‘என் ரூம்’னு...” என்று ஆரம்பித்தான் மாசிலாமணி. கோபம் போன இடம் தெரியவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.