கயிறு பிடித்தவன் சொன்ன ஜெபம்

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள். பின்னால் நிற்கிறவர்களே, கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

நெடுங்காலத்துக்கு முன்னால், முத்துக் குளிக்கும் மக்கள் சிலுவையை ஏற்று இரண்டு தலைமுறை கழிந்திருந்த நாளில், வெண்சிப்பித்துறை என்றொரு கரையூர் இருந்தது. அந்த ஊருக்குத் தலைவன் கஸ்பார். அவனைப் பட்டங்கட்டி என்பார்கள். கோயிலில் முதல் ஜெபம் அவனுடையது. ஊர்க்கூட்டத்தில் கடைசி வார்த்தை அவனுடையது. இரண்டுக்கும் நடுவில் மற்றவர்கள் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை, அவன் மனைவியின் அண்ணன்தான் படகிலிருந்து பிடிக்க வேண்டும். தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கயிற்றை விடமாட்டான் அல்லவா? மூச்சுக்கு அளவு ஜெபம். கயிறு பிடித்தவன் மாதாவின் மந்திரத்தை மூன்று முறை சொல்வான். சொல்லி முடித்ததும் இழுப்பான். அதற்கு முன்னால் கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால், உடனே இழுப்பான்.

கஸ்பாரின் தங்கை கித்தேரி. அவள் கணவன் இன்னாசி, அந்தக் கரையிலேயே ஆழமாக இறங்குகிறவன். ஒருநாள் கடல் கலங்கிக் கிடந்தது. கஸ்பார் எல்லோரையும் இறங்கச் சொன்னான். இன்னாசி சிரித்தான்.

“மச்சான், படகில் உட்கார்ந்து கயிறு பிடிப்பதோடு சரி, நீங்கள் தலை நனைய இறங்கி எத்தனை வருஷம் ஆகிறது? கடலுக்கு உங்கள் முகமே மறந்திருக்கும். அதுவா உங்கள் பேச்சைக் கேட்கப் போகிறது?”

ஊரே சிரித்தது. அன்று யாரும் இறங்கவில்லை. கஸ்பாரும் சிரித்தான், பல்லால் மட்டும்.

மறுநாள் கடல் தெளிந்தது. கஸ்பார் கயிறு பிடிக்க, இன்னாசி இறங்கினான். அடியில் அவன் கால் பாறை இடுக்கில் மாட்டியது. இரண்டாவது மந்திரத்தில் கயிறு அசைந்தது. இன்னொரு முறை அசைந்தது. மூன்றாவது முறையும் அசைந்தது. கஸ்பார் இழுக்கவில்லை. மூன்று மந்திரம் முடித்து, மேலும் மூன்று சொன்னான். பக்கத்துப் படகுக்காரர்கள் அசையும் அவன் உதட்டைத்தான் பார்த்தார்கள். என்ன பக்தி என்றார்கள்.

பிறகு இழுத்தான். பிணம் வந்தது.

பட்டங்கட்டி வாய் ஓயாமல் ஜெபித்தும் ஒருவன் செத்தான் என்றால் குற்றம் அவன் வீட்டில்தான் என்று ஊர் முடிவு செய்தது. கித்தேரி நோன்பை முறித்திருப்பாள் என்றாள் ஒருத்தி. வாசலில் நின்று யாரையோ பார்த்திருப்பாள் என்றான் ஒருவன். இல்லாததைப் பேச ஊருக்குச் சொல்லித் தரவா வேண்டும்? அவளுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, ஒரு வார்த்தை கொடுக்கவில்லை. மாதா திருநாள் முடிந்ததும் படகில் ஏற்றி அவளைக் கரை கடத்திவிடுவது என்று தீர்ப்பானது. கடைசி வார்த்தை சொன்னவன் கஸ்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலில் ஜெபத்தைத் தொடங்கினான். வாய் முழுக்க உப்புத் தண்ணீர் ஊறியது. வெளியே போய்த் துப்பினான். கடல் தண்ணீர்.

ஊர்ப்பேச்சு வந்தது, அதட்டல் வந்தது, சிரிப்பு வந்தது. ஜெபம் மட்டும் வரவில்லை.

கோயிலுக்கு மணி செய்து வைத்தான். அதை ஆசீர்வதித்து மந்திரிக்கும் நாளில் அது கடலின் ஆழத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஒலித்தது. அவன் தாடை நனைந்தது. கற்சிலுவை நட்டான். வாயைத் துடைத்த சட்டைக் கையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. மாதாவுக்கு முத்துக் கிரீடம் சூட்டினான். மண்டியிட்டு வாய் திறந்தபோது, தண்ணீரோடு ஒரு குட்டி நண்டு தரையில் விழுந்து, அவனைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்து போனது.

“பட்டங்கட்டியார் கடலையும் விழுங்காமல் விடவில்லை போல,” என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தான்.

கஸ்பார் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனான். கோபப்பட்டேன் என்றான். நோன்பன்று கறி தின்றேன் என்றான். பூசைக்குப் பிந்தினேன் என்றான்.

“மூன்றும் காய்ந்த பாவம், மகனே. ஈரமானது எங்கே?” என்றார் சாமியார்.

கடைசியில் கயிற்றைப் பற்றிச் சொன்னான். சொல்லிவிட்டு, “தேவனிடம் சொல்லியாயிற்று. ஊருக்கு ஏன் சாமி சொல்ல வேண்டும்?” என்றான்.

“தேவன் உன் தங்கையைத் துரத்தவில்லையே. துரத்துகிறது ஊர்தானே.”

“நீங்களே சொல்லிவிடுங்கள்.”

“இங்கே கேட்டதை நான் வெளியே பேசக் கூடாது. உன் வாய்தான் பேச வேண்டும். தேவன் கதவைச் சாத்தவில்லை, மகனே. கித்தேரியை வாசற்படியில் கிடத்திவிட்டு, அவளைத் தாண்டி உள்ளே வரப் பார்க்கிறாய்.”

திருநாள் முடிந்தது. கரையில் படகு நின்றது. கித்தேரி ஒரு மூட்டையோடு வந்தாள். வழியனுப்பு ஜெபத்தைத் தொடங்கும்படி பட்டங்கட்டியிடம் சொன்னார்கள்.

கஸ்பார் வாய் திறந்தான். தண்ணீர் மார்பில் வழிந்தது. கடல் அலையில்லாமல் நின்றிருந்தது, காது கொடுத்துக் கேட்பதுபோல.

“இன்னாசி கயிற்றை அசைத்தான்,” என்றான். “மூன்று முறை அசைத்தான். நான் இழுக்கவில்லை. ஜெபம் செய்யவில்லை, அவன் மூச்சு முடிவதற்காக எண்ணிக்கொண்டிருந்தேன். என் தங்கை குற்றமற்றவள்.”

அவன் தலைப்பாகையை அவிழ்த்து மணலில் வைத்தான்.

கித்தேரி மூட்டையைக் கீழே வைத்தாள். “அண்ணே, நான் மன்னிக்க நாளாகும். அந்த நாள் வருமா என்றும் தெரியாது. தேவன் என்னைவிடப் பெரியவர். அவரிடம் கேள். இப்போது கேட்கலாம்.”

அவன் மண்டியிட்டான். “ஆண்டவரே, பாவி நான், என்னை மன்னியும்.” நாக்கு காய்ந்திருந்தது. அவன் மந்திரத்தைத் தொடங்கி, கடைசி வார்த்தை வரை அழுதுகொண்டே சொன்னான்.

பெரிய பாவியே மன்னிக்கப்பட்டான் என்று ஊருக்கு நிம்மதி. நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து ஜெபிக்க வாய் திறந்தார்கள்.

ஒரு சத்தமும் எழவில்லை. நெருப்புக் கொடுக்காதவள் வாயைப் பொத்தினாள். தண்ணீர் கொடுக்காதவன் குனிந்து துப்பினான். கரை நெடுக, ஒவ்வொரு விரலிடுக்கிலிருந்தும் கடல் வழிந்தது.

பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கித்தேரியை நோக்கி நடந்தார்கள்.

தேவனுடைய மன்னிப்பு எந்தப் பாவிக்கும் உண்டு, ஆனால் தன் பாவத்தின் பழியைக் குற்றமற்றவர் தலையில் சுமத்தி வைத்துக்கொண்டே கேட்கிறவனின் ஜெபம் அவன் தொண்டையைத் தாண்டாது.