மூன்றரை மணிப் பசி

பசி வயிற்றில் எடுப்பதாகப் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. மருத்துவர்கள் அதைப் படம் போட்டு விளக்குகிறார்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள். இவ்வளவு பெரிய பிழையைத் திருத்தாமல் கதைக்குள் போவது முறையாகாது. பசி எடுப்பது ஊரில். வயிற்றுக்கு அங்கிருந்து தகவல் வருகிறது, அவ்வளவுதான்.

இசக்கிமுத்துவுக்குத் தூத்துக்குடியிலிருந்து தகவல் வந்துகொண்டிருந்தது.

அவர் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நாற்பத்து மூன்று வயதில், சீனம் படித்துவிட்டு வா என்று முதலாளி அவரை ஒரு வருடத்துக்குச் சீனாவுக்கு அனுப்பிவிட்டார். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. பாடம் நடத்திய யாங்குக்கே முப்பது தாண்டி அதிக நாள் ஆகவில்லை. ஆனாலும் ஆசிரியர் ஆசிரியர்தானே. "லாவ்ஷி" என்றுதான் இவர் அவரைக் கூப்பிடுவார். சீனத்தில் ஆசிரியர் என்று பொருள்.

பல்கலைக்கழக உணவகத்தில் மத்தியானச் சாப்பாடு பதினொன்றரைக்கு. பன்னிரண்டரைக்குத் தரையைத் துடைத்து நாற்காலிகளைக் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு அந்த வளாகமே படுத்துத் தூங்கும். இரண்டு மணிக்கு எல்லோரும் கன்னத்தில் தலையணைத் தழும்போடு வகுப்புக்கு வருவார்கள்.

அங்கே பதினொன்றரை என்றால் தூத்துக்குடியில் ஒன்பது. மனைவி பேச்சி இட்லிப் பானையைக் கழுவுகிற நேரம். அந்த நேரத்தில் சோற்றைப் பார்த்தால் இசக்கிமுத்துவுக்குக் குமட்டியது.

தூத்துக்குடியில் ஒரு மணியானால் சீனாவில் மூன்றரை. வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு மணிக்கு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து பேச்சியோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். இப்போது மூன்றரை ஆனால் பாதி வகுப்பில் எழுந்து விடுதி அறைக்குப் போய்விடுவார். பேச்சி போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

"ஏளா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"சாளைமீனு. ஒங்களுக்கு?"

"ரொட்டி."

"நேத்தும் அதத்தான சொன்னீய?"

"நேத்து வேற ரொட்டி."

பேச்சி சிரிப்பாள். அந்தச் சிரிப்பைத் தொட்டுக்கொண்டு ஒரு ரொட்டி இறங்கும். பிறகு வகுப்புக்குத் திரும்பிப் போக மனசு வராது.

ஒரு வெள்ளிக்கிழமை யாங் அவரை வாசலில் மடக்கினார். இருவரும் பேசியது பாதி சீனம், பாதி ஆங்கிலம், மீதி கைஜாடை. தமிழில் இப்படி வரும்:

"இன்னும் ஒரு வாரம் இப்படி எழுந்து போனீர்களானால் வருகை போதாது. விசாவை நீட்டிக்க மாட்டார்கள். மூட்டை கட்ட வேண்டியதுதான்."

இசக்கிமுத்துவுக்கு முதலாளியின் முகம் ஞாபகம் வந்தது. படிக்காமல் திரும்பிப் போனால் அங்கே வேலையும் இருக்காது.

"அப்படி என்ன அவசரம் உங்களுக்கு மூன்றரை மணிக்கு?"

"சாப்பாடு, லாவ்ஷி."

"மத்தியானம் உணவகத்தில் என்ன, வெள்ளையா அடித்துக்கொண்டிருந்தார்கள்?"

"அப்போது பசிக்கவில்லை."

யாங் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்து மூன்று மாதம் ஆகிறது, லாவ்ஷி. இந்த ஊர்ப் பசி எனக்கு எப்போது வரும்?"

யாங் புத்தகங்களைப் பையில் போட்டார். பையை மூடினார். "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்" என்றார்.

மறுநாள் இசக்கிமுத்து காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. விருந்து வீட்டில் அவர்கள் நேரத்துக்குப் பசிக்க வேண்டுமே என்ற மரியாதைதான் காரணம். பன்னிரண்டு அடிக்கும்போது ஆரஞ்சுப் பையோடு கதவைத் தட்டினார்.

யாங் அவரை உட்கார வைத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் வெந்நீர் கொடுத்தார். பிறகு மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்த ஆரம்பித்தார்.

அடுப்பங்கரையிலிருந்து வாசனை எதுவும் வரவில்லை. பக்கத்து வீடுகளில் பாத்திரம் கழுவி முடித்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெந்நீர் தீர்ந்தது. யாங் மறுபடியும் வெந்நீர் ஊற்றினார். மணி ஒன்றாயிற்று. அழைத்தது இன்றைக்குத்தானா என்ற கேள்வி இசக்கிமுத்துவின் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதற்குள் வயிறு முந்திக்கொண்டு சத்தம் போட்டது.

"கொஞ்சம் பொறுங்கள். இன்னும் நேரம் ஆகவில்லை" என்றார் யாங், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

இரண்டு மணிக்குச் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனார். எண்ணெய் சீறியது. திரும்பி வரும்போது கையில் இரண்டு கிண்ணங்கள். கையால் இழுத்த நீள நூடுல்ஸ், மேலே தக்காளியோடு வதக்கிய ஆட்டுக்கறி.

"லாவ்ஷி, ஊரே சாப்பிட்டுத் தூங்கப் போய்விட்டதே!"

"இந்த ஊர் தூங்கப் போய்விட்டது. எங்கள் ஊரில் இப்போதுதான் உட்காருவார்கள்."

"உங்கள் ஊர் எங்கே?"

"மேற்குக் கோடி. இங்கிருந்து ரயிலில் போனால் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விடும். தேசம் முழுக்க ஒரே மணிதான். ஆனால் எங்கள் ஊர்ச் சூரியனுக்கு அதை யாரும் போய்ச் சொல்லவில்லை. கடிகாரம் இரண்டைத் தொடும்போதுதான் அது உச்சிக்கு வரும்."

"இங்கே எப்போது வந்தீர்கள்?"

"பதினெட்டு வயதில். படிக்க வந்தேன்."

இசக்கிமுத்துவின் குச்சிகள் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே நின்றன.

"இத்தனை வருடத்திலுமா மாறவில்லை?"

"மென்று சாப்பிடுங்கள். கறி கொஞ்சம் முற்றல்."

மென்று சாப்பிட்டார். பிறகு கேட்டார்: "அங்கே அம்மாவும் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், இல்லையா?"

"அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது."

"அப்படியானால் இந்த நேரத்துக்கு அங்கே..."

"யாரும் இல்லை" என்றார் யாங். இசக்கிமுத்துவின் கிண்ணத்தில் கொஞ்சம் கறி எடுத்து வைத்தார்.

சன்னலுக்கு வெளியே ஒரு சத்தமும் இல்லை. இசக்கிமுத்து கிண்ணத்தைப் பாதி காலி செய்த பிறகுதான் அவருக்கு அந்த விஷயம் உறைத்தது.

"லாவ்ஷி, மற்ற நாட்களில் இரண்டு மணிக்கு நமக்கு வகுப்பாயிற்றே."

"ஆமாம்."

"அப்போது?"

"பன்னிரண்டுக்கு உணவகத்தில் எல்லோரோடும் சாப்பிடுவேன். இரண்டுக்குப் பசிக்கும்."

"பசித்தால் என்ன செய்வீர்கள்?"

யாங் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அதையும் கூட்டிக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறேன்."

இசக்கிமுத்து கிண்ணத்தின் மீதியையும் காலி செய்தார்.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு வகுப்பில் அவர் வயிறு சத்தம் போட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த யாங் திரும்பவில்லை. இசக்கிமுத்து எழுந்திருக்கவில்லை. நாலரைக்கு வகுப்பு முடிந்ததும் தெருவிலிருந்தே வீட்டுக்குப் போனில் கூப்பிட்டார். தூத்துக்குடியில் அப்போது மணி இரண்டு.

அந்த வாரம் முதல் பேச்சிக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் பசித்தது.