ஒண்ணுமில்லப்பா

"இன்னும் என்ன பூட்டுப் போடணும்னு நீங்களே சொல்லுங்கம்மா," என்றான் வேதமூர்த்தி.

அவன் அம்மா என்று கூப்பிட்ட யோகாம்பாள் அவனைவிடப் பத்து வயது சின்னவர். ஆசிரமத்துக் குருவாகிவிட்டால் வயதை யார் பார்க்கிறார்கள்.

"எதுக்குப் பூட்டு?"

"மக போனுக்கு. பதிமூணு வயசு. எட்டு மணிக்கு மேல நெட் கிடையாது. புதுசா எதைத் திறந்தாலும் என் போன்ல மணி அடிக்கும். இத்தனை செஞ்சும் நேத்து ஒரு மெசேஜ் வந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"என்னன்னு?"

சொல்ல அவனுக்கு நாக்குக் கூசியது.

"'நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இன்னொரு போட்டோ அனுப்பு. இல்லைன்னா உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன்.' போனைப் பிடுங்கறதுக்குள்ள அழிச்சுட்டா. மறுபடி வந்தா கையும் களவுமா பிடிக்கலாம்னு திருப்பிக் கொடுத்துட்டுக் காவல் காக்கிறேன்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"தொண்டை கிழியக் கேட்டேன். போனை உடைப்பேன், ஸ்கூலை நிறுத்துவேன்னு மிரட்டினேன். ஒரே பதில்தான். 'ஒண்ணுமில்லப்பா.'"

அந்த நாளை என்பது இன்றுதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பதில் தேடி வருகிறவர்கள் முதலில் ஏதாவது வேலை செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். யோகாம்பாள் உள்ளே போய் ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடியைத் தூக்கி வந்தார். அடியில் உப்புக் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இதைக் கழுவி வைங்க. என் குருநாதர் கொடுத்தது. உடைஞ்சுதுன்னா, இந்த வாசலை மறுபடி மிதிக்காதீங்க."

அவர் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை.

குழாயடியில் தனியாக உட்கார்ந்து தேய்த்தான். கையெல்லாம் சோப்பு. அப்போது சட்டைப்பையில் மணி அடித்தது. மகள் எதையோ திறந்துவிட்டாள். பதறிப்போய் ஒரு கையைப் பைக்குக் கொண்டுபோனான்.

ஜாடி கல்லில் விழுந்து சிதறியது.

ஆபீசில் ஐம்பது பேரை மேய்க்கிற மேனேஜர் என்ன செய்தான் தெரியுமா? சில்லுகளை அள்ளி வாழைமரத்தடியில் போட்டு, சருகை இழுத்து மூடினான். ஒரு சில்லு உள்ளங்கையைக் கிழித்தது. கையை இறுக்கி மூடிக்கொண்டான்.

"ஜாடி எங்கே?" யோகாம்பாள் பின்னால் நின்றார்.

"கழுவி உள்ளே வச்சுட்டேன்மா."

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

சொன்ன பிறகு அவனுக்கு மூச்சு நின்றதுபோல் ஆயிற்று. விரலிடுக்கில் கசிந்த ரத்தம் வேட்டியில் சொட்டியது.

யோகாம்பாள் வாழைமரத்துப் பக்கம் திரும்பவே இல்லை. மூடிய விரல்களை மெல்லப் பிரித்து, கையைத் தண்ணீரில் காட்டி, துணி சுற்றிக் கட்டினார்.

"ரொம்ப வலிக்குதா?"

அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தான்மா உடைச்சேன். பயந்துட்டேன்."

"தெரியும். கிளம்புங்க, இன்னும் பொழுது இருக்கு."

வீட்டில் தாரிணி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் போனை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு அந்தக் கட்டு அவள் கண்ணில் பட்டது.

"கையில என்னப்பா?"

அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"ஒரு ஜாடியை உடைச்சுட்டேன்மா. பயத்துல மறைச்சு வச்சேன். பொய் வேற சொன்னேன்."

"திட்டினாங்களா?"

"இல்லை. வலிக்குதான்னு கேட்டாங்க."

அவள் வெகுநேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் மஞ்சளாகிவிட்டது. போனைக் கொடு என்று கேட்காமல் இருப்பதற்குள் அவனுக்கு உயிர் போய்த் திரும்பியது.

அவள் போனை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"உங்ககிட்ட சொல்லிடுவேன்னு ஒருத்தன் மிரட்டிக்கிட்டே இருக்கான்ப்பா," என்றாள். "அவனுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."