முப்பத்து மூன்றாவது சொல்

குயிலி ஸ்லோவாக்கியாவில் ஒரு கார் தொழிற்சாலையில் நான்கு வருஷம் கதவு மாட்டியவள். திரும்பி வந்ததும் ஓரகடத்தில் ஒரு மெஸ்ஸுக்கு மேல் இருந்த மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, அந்த நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலமும் ஸ்லோவாக்கும் சொல்லித்தந்தாள். வயது இருபத்தொன்பது.

அவளிடம் மாணவியாகச் சேர்ந்து, வகுப்பெடுக்கவும் பழகிக்கொண்டிருந்த நாச்சியாருக்கு நாற்பத்தைந்து. பதினான்கு வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள். ஆறு மாதமாகப் பலகையைத் துடைக்கத்தான் விடுகிறாள் இந்தப் பெண் என்று அவளுக்குள் ஒரு புகைச்சல் இருந்தது.

குயிலி வைத்திருந்த விதி ஒன்றுதான். நோட்டில் ஒரு சொல் ஏறவேண்டுமென்றால் பக்கத்திலேயே நிஜமாக நடந்த சம்பவம் ஒன்றும் ஏற வேண்டும். யார், யாருக்கு, என்றைக்கு. கற்பனையாக வாக்கியம் எழுதினால் நோட்டு திரும்பி வந்துவிடும்.

இந்த முறை நாச்சியாருக்குக் கிடைத்த தலைப்பு, வாக்குத் தவறுவது. தமிழும் சேர்த்து மூன்று மொழியிலும் அதற்கு என்னென்ன சொல்கிறார்கள் என்று சேர்க்க வேண்டும். பட்டியல் தேறினால் திங்கட்கிழமை வகுப்பு உங்களுக்கு என்று குயிலி சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாச்சியார் நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். முப்பத்திரண்டு சொற்கள். வைத்த வேகத்தில் டீ கிளாஸ் ஆடியது.

குயிலி பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நாச்சியாரால் சும்மா உட்கார முடியவில்லை. இங்கிலீஷ்காரன் வாக்கை உடைத்தேன் என்கிறான், ஏதோ பீங்கான் தட்டு கைதவறி விழுந்த மாதிரி என்றாள். ஸ்லோவாக்கியர்கள் 'நெடோட்ர்ஷல் ஸ்லோவோ' என்கிறார்கள், சொன்ன சொல்லைப் பிடித்துக்கொள்ளவில்லை என்று நேராகக் கையையே குற்றம் சொல்கிறார்கள், அது நியாயம் என்றாள். அங்கே இளவட்டங்கள் பேசுகிற 'விகஷ்லல் சா'வைக்கூட அவள் விடவில்லை. செய்கிறேன் என்று சொன்ன காரியத்தின்மேல் இருமிவிட்டுப் போய்விட்டானாம்.

"நம்மளைப் பாருங்க டீச்சர். அல்வா குடுத்தான்னு சொல்றோம். ஏமாத்தினவன் என்னவோ விருந்து வெச்ச மாதிரி."

குயிலி சிரித்தாள். நாச்சியாருக்குத் தெம்பு வந்துவிட்டது. மூன்று மொழியிலும் ஒரே அநியாயம்தான் என்று அடுத்ததற்குத் தாவினாள். கம்பெனி வாக்குத் தவறினால் 'திட்டம் மாறிவிட்டது' என்பார்கள். தொழிலாளி தவறினால் 'பேச்சு மாறிவிட்டான்' என்பார்கள். மேலே இருக்கிறவனுக்கு மெத்தை போட்ட சொல், கீழே இருக்கிறவனுக்கு முள் வைத்த சொல். இதையெல்லாம் வகுப்பில் உடைத்துப் பேச வேண்டும், விசா கையில் வருவதற்குள் இங்கே படிக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றாள்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி சிவப்பு மையால் பட்டையாக அடிக்கப்பட்டிருந்தது. குயிலி அதில் விரலை வைத்தாள்.

"இது என்னக்கா?"

"'மறந்துட்டேன்'ங்கிற சொல்லு. மூணு மொழியிலயும் இருக்கு. மூணுலயும் அடிச்சுட்டேன்."

"ஏன்?"

"அது சொல்லே இல்ல டீச்சர், ஒளிஞ்சுக்கிற இடம். மாட்டிக்கிட்டவன் எல்லாம் அதுக்குள்ளதான் ஓடுறான். அவனுக்கு நாம கதவைத் திறந்து வைக்கணுமா?"

குயிலி கடைசிப் பக்கம்வரை போனாள். சம்பவங்கள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. பஸ் விடுகிறேன் என்று சொன்ன கவுன்சிலர், சம்பளம் ஏற்றுகிறேன் என்ற முதலாளி, நிச்சயம் முடித்துவிட்டுக் கம்பி நீட்டிய மாப்பிள்ளை. ஒருவரையும் நாச்சியார் விட்டுவைக்கவில்லை.

எப்போது முடித்தீர்கள் என்று கேட்டாள் குயிலி. வெள்ளிக்கிழமை என்றாள் நாச்சியார். மத்தியானம் உட்கார்ந்தவள் ராத்திரி ஒன்பதுக்குத்தான் எழுந்திருந்தாளாம். கவனம் சிதறக்கூடாது என்று போனைக்கூட அணைத்து வைத்துவிட்டாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது.

குயிலி நோட்டை மூடினாள்.

"முப்பத்திரண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் குறையறாங்க."

"யாரு?"

"கீழ பவுனம்மா இருக்காங்க. அவங்ககிட்டக் கேட்டு முப்பத்து மூணாவதா எழுதிட்டு வாங்க. எழுதிட்டா நாளைக்கு வகுப்பு உங்களுது."

இவ்வளவுதானா என்று நாச்சியார் பன்னிரண்டு படியும் இறங்கினாள்.

கார்களுக்கு ஒயர் பின்னுகிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே குயிலியின் வகுப்பில் படிக்கும் பவுனம்மா, கடைசிப் படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாச்சியாரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். நாச்சியார் அவளை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாராவது வாக்குக் கொடுத்து ஏமாற்றியது உண்டா, சமீபத்தில் நடந்ததாக இருக்க வேண்டும் என்று கேட்டாள்.

பவுனம்மா இட்லியைப் பிட்ட கையோடு அவளையே பார்த்தாள்.

"வேணாம் மேடம்."

"பயப்படாதே. யாரா இருந்தாலும் எழுதுவேன். கம்பெனியா?"

"இல்ல."

"ஏஜென்டா?"

"அவன்கூட சொன்ன நேரத்துக்கு வந்துட்டான்."

நாச்சியார் பேனாவைத் திறந்து காத்திருந்தாள். பவுனம்மா சாம்பாரைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். சனிக்கிழமை காலையில் ஸ்லோவாக்கியா கம்பெனிக்காரர்கள் வீடியோவில் அவளுக்கு நேர்காணல் வைத்திருந்தார்கள். முதல்நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் பழக்கிவிடுகிறேன் என்று ஒருத்தர் அவளிடம் சொல்லியிருந்தார். அதற்காகக் கூட வேலை பார்ப்பவளிடம் கெஞ்சி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தாள். இதே படியில் எட்டு மணிவரை உட்கார்ந்திருந்தாள். மெஸ்காரர் பாவப்பட்டு மோர் கொடுத்தார்.

நாச்சியாரின் பேனா ஓடியது. வெள்ளி. ஆறு மணி. எட்டுவரை.

மறுநாள் திரையில் வந்தவர், இப்போது பார்க்கிற வேலையை ஏன் விடுகிறாய் என்று கேட்டிருக்கிறார். பதில் அவளுக்குத் தமிழில் தெரியும். வாயில் வரவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று வீடியோவை அணைத்துவிட்டார்கள்.

நாச்சியாருக்கு முகம் சிவந்தது. படிக்காத பெண்ணென்றால் யாருக்கும் இளக்காரம், இவர்களையெல்லாம் பேர் போட்டு எழுதினால்தான் புத்தி வரும் என்று பொரிந்தாள்.

"யார் அது? பேரைச் சொல்லு."

பவுனம்மாவின் கண் நோட்டுக்குப் போனது. நாச்சியாரும் குனிந்து பார்த்தாள். தன் கையெழுத்தில் வெள்ளி என்று இருந்தது. ஆறு மணி என்று இருந்தது.

தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"நீங்களே போட்டுக்குங்க மேடம்" என்றாள் பவுனம்மா. குரலில் கோபம் இல்லை. "படிக்கிறவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

இறங்கும்போது பன்னிரண்டாக இருந்த படிகள் ஏறும்போது எத்தனை என்று நாச்சியார் எண்ணவில்லை. மேலே குயிலி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாச்சியார் தன் இடத்தில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். யாருக்கு என்ற இடத்தில் பவுனம்மாவின் பேரை எழுதினாள். யார் என்ற இடத்தில் தன் பேரை எழுதினாள். அதை எழுத நேரம் பிடித்தது. ஆனாலும் எழுதினாள்.

எந்தச் சொல் என்ற இடம் காலியாக இருந்தது.

முப்பத்திரண்டையும் ஒருமுறை பார்த்தாள். அல்வா கொடுக்கவில்லை. கம்பி நீட்டவில்லை. இருமிவிட்டுப் போகவும் இல்லை. அவள் யாரையும் ஏமாற்ற நினைக்கவே இல்லை. பாடத்தைச் சரியாகச் செய்ய வேண்டும் என்றுதானே உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர்."

குயிலி திரும்பினாள்.

"மறந்துட்டேன்னு போடலாமா?"

குயிலி அருகே வந்து நோட்டை ஒன்பதாம் பக்கத்துக்குத் திருப்பினாள். நாச்சியார் பார்க்கும்படி வைத்தாள்.

"அதைத்தான் நீங்களே அடிச்சு வெச்சிருக்கீங்களே அக்கா."