போர்வையின் இடது மூலை

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். குன்னூரில் அன்று மழையும் இல்லை, காற்றும் இல்லை. பனிமூட்டம் மட்டும் சரிவிலிருந்து மெல்ல ஏறி வந்து, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் ஒவ்வொரு வாசலிலும் நின்றுகொண்டிருந்தது.

உமையாளின் முன்னறையில் ஐந்து பேர் கண்மூடி அமர்ந்திருந்தார்கள். உமையாளுக்கு நாற்பத்து நான்கு வயது. ஒரு காலத்தில் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இப்போது காலையில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். உடன் உட்கார விரும்புகிறவர்கள் வரலாம். முடிவில், கேட்க எதுவும் இருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பெரும்பாலோர் கேட்காமலே எழுந்து போய்விடுவார்கள்.

அன்று தேவசகாயம் கேட்டார். அறையிலேயே வயதில் மூத்தவர் அவர்தான், அறுபத்திரண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்கும் டீ டேஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்மைவிடப் பதினெட்டு வயது இளையவரை அவர் 'அம்மா' என்றார். உமையாள் அவரை 'ஐயா' என்றார். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

"ஒரு பொருளை நம்புறதுக்கு முன்னாடி எத்தனை தடவை சோதிச்சுப் பார்க்கணும், அம்மா?"

"என்ன பொருள்?"

"போர்வை."

யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தேவசகாயம் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் மனைவி சலேத்மேரியைப் பற்றிச் சொன்னார். ஐப்பசியில் வந்த காய்ச்சல் மூன்று வாரத்தில் போய்விட்டது. அது விட்டுச்சென்ற குளிர் மட்டும் போகவில்லை. மருத்துவர் இரத்தத்தைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார், கவலைப்பட ஒன்றுமில்லை, கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்குள்ளே யாரோ ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று சலேத்மேரி சொல்கிறாள். மூன்று கம்பளிகளைப் போர்த்தினால் பாரம் தாங்காமல் மூச்சு வாங்குகிறது. கனமில்லாத, ஆனால் குளிரைத் தாங்குகிற ஒன்று வேண்டும்.

அப்படி ஒன்று கடைத்தெருவுக்குக் கீழே, பங்களாச் சாமான்கள் விற்கும் கடையில் இருந்தது. முயல் தோல்களைச் சேர்த்துத் தைத்த ரோமப் போர்வை. யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டு மகனிடம் போகும்போது விற்றுவிட்டுப் போனது.

"பழைய பொருள், அம்மா. ஒருத்தர் பயன்படுத்தினது. வெளியே நல்லா இருக்கும், உள்ளே தோல் இத்துப்போயிருக்கும். ஏமாந்துடக் கூடாது இல்லையா?"

"எத்தனை தடவை பார்த்திருக்கீங்க?"

"ஏழு."

"இன்னைக்கு?"

"இங்கேருந்து நேரா அங்கேதான்."

உமையாள் சால்வையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நானும் வர்றேன். எனக்கும் அந்தச் சோதனையைக் கத்துக்குடுங்க."

தேவசகாயத்துக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்த அறையில் அமர்கிறார். கற்பிக்கும்படி யாரும் அவரைக் கேட்டதில்லை.

வெளியே பாதை இருபது அடிக்கு மேல் தெரியவில்லை. தேயிலைச் செடிகளும் கைப்பிடிச் சுவரும் தோன்றித் தோன்றிக் கரைந்தன. எங்கோ ஒரு பேருந்து உறுமிக்கொண்டே மேலேறியது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. பெரியதொரு விலங்கின் மென்மயிருக்குள் தாம் நடந்துபோவதாகத் தேவசகாயத்துக்குத் தோன்றியது. அந்த விலங்கு உறங்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சு மட்டும் முகத்தில் ஈரமாகப் பட்டது.

"இப்போ அவங்க பக்கத்துல யாரு இருக்காங்க?" உமையாளின் குரல் மூட்டத்துக்குள்ளிருந்து வந்தது.

"பிளாஸ்க்குல வெந்நீர் வெச்சுட்டு வந்திருக்கேன், அம்மா."

உமையாள் சால்வையை இறுக்கிக்கொண்டு நடந்தார்.

கடைக்காரர் ஹாஜிரா பீவி, விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர், இவர்களைக் கண்டதும் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். பிறகு உமையாளைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் போட்டார். கடை முழுவதும் பிறர் வாழ்ந்த வீடுகள்: நின்றுபோன கடிகாரங்கள், கால் உடைந்த பியானோ, யாருடையதோ பெயர் பொறித்த வெள்ளிக் கரண்டிகள்.

"வாங்கண்ணே. இன்னைக்குத் துணைக்கு நீதிபதியையே கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார் ஹாஜிரா பீவி. உமையாளிடம் குனிந்து, "எட்டாவது தடவை, தங்கச்சி. எனக்கு நிக்காஹ் பேசினப்பகூடப் பொண்ணு பார்க்க ஒரு தடவைதான் வந்தாங்க" என்றார்.

போர்வை ஆணியிலிருந்து இறங்கி மேசைமேல் விரிந்தது. வெளிச்சம் குறைந்த அந்தக் காலையில் அதன் நிறம் சாம்பலா, பழுப்பா என்று சொல்வதற்கில்லை. வெளியே நிற்கும் மூட்டத்தின் ஒரு துண்டை யாரோ கத்தரித்துத் தைத்துவைத்ததுபோல் இருந்தது.

தேவசகாயம் கைகளைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கணத்தில் அவர் மீண்டும் தொழிற்சாலையின் நீண்ட வெள்ளை மேசைமுன் நின்றார்.

முதலில் ரோமத்தின்மேல் வாயைக் குவித்து ஊதினார். மயிர் வட்டமாக விலகி, அடியில் குட்டை மயிர் பஞ்சுபோல் அடர்ந்திருப்பது தெரிந்தது. அது மெலிந்திருந்தால் போர்வை அழகுக்கு மட்டுமே ஆகும் என்றார். பிறகு ஓர் ஓரத்தைக் காதருகே மடித்து, உமையாளையும் கேட்கச் சொன்னார். தோல் காய்ந்திருந்தால் காகிதம்போல் நொறுங்கும்; இது ஓசையில்லாமல் மடிந்தது. உள்துணியின் பிரிந்த தையல் வழியே விரலை விட்டுத் தோலின் மறுபுறத்தைத் தடவினார். முகர்ந்தார். பூஞ்சை வாடை இல்லை, பாச்சை உருண்டை வாடை கொஞ்சம் உண்டு. இரண்டாம் நாளே ஒரு முடியைக் கொளுத்திப் பார்த்துவிட்டதாகவும், அது நைலான்போல் உருகாமல் மயிராகவே கருகியதாகவும் சொன்னார்.

உமையாள் ஒவ்வொன்றையும் அவர் செய்தபடியே செய்தார். நல்ல மாணவி.

"எல்லாத்துலயும் தேறிடுச்சே, ஐயா."

"கடைசிச் சோதனை இருக்கு. முடி வேர்ல பிடிச்சிருக்கான்னு பார்க்கணும்."

கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் குவித்து, போர்வையின் இடது மூலையில் ஒரு சிட்டிகை பற்றி வெடுக்கென்று இழுத்தார். சில முடிகள் கையோடு வந்தன. அவர் முகம் வாடியது.

"பாருங்க. கொட்டுது. இதுதான் என்னை வாங்க விடாம வெச்சிருக்கு."

மூலையை அவர் உமையாளின் பக்கம் திருப்பினார். அங்கே ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுக்கு மயிர் இல்லை. தோல் வெளிறித் தெரிந்தது.

"முதல் நாள் இது இல்லை, அம்மா. சத்தியமா இல்லை. மூணாம் நாள் லேசாத் தெரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் பெரிசாகிட்டே வருது. பூச்சி உள்ளே இருக்கு. இதைக் கொண்டுபோய் அவ மேல போர்த்தினா, ஒரு மாசத்துல மொட்டைத் தோல்தான் மிஞ்சும்."

ஹாஜிரா பீவி விளக்கைத் துடைப்பதில் மிகுந்த கவனம் செலுத்தினார்.

"எப்பவும் இதே மூலைலதான் பார்ப்பீங்களா?" என்று உமையாள் கேட்டார்.

"சாம்பிள் எப்பவும் ஒரே இடத்துல எடுக்கணும். அப்போதான் நேத்தைக்கும் இன்னைக்கும் ஒப்பிட முடியும். தொழில்ல அதுதான் முதல் பாடம்."

"எடுத்த சாம்பிளை என்ன பண்ணுவீங்க?"

இப்படியொரு கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் அவர் கோட்டுப் பையில் கைவிட்டார். பழுப்புக் காகிதத்தில் மடித்த ஏழு சிறு பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் தேதி, நேரம், அன்றைய வானிலை. தேயிலைக்கு எழுதிய அதே சாய்வான கையெழுத்து. இன்றைய முடிகளை எட்டாவது காகிதத்தில் மடித்து, வரிசையின் கடைசியில் வைத்தார்.

உமையாள் முதல் பொட்டலத்தைப் பிரித்தார். அதிலிருந்ததை இடது மூலையின் வெற்றுத் தோல்மேல் மெல்லக் கொட்டினார். இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவதை. அவர் அவசரப்படவில்லை. எட்டாவதையும் கொட்டியபின் விரல்நுனியால் ஒருமுறை நிரவிவிட்டார்.

மூலை நிறைந்துவிட்டது. எந்த இடம் என்று தேடினாலும் தெரியவில்லை.

வெளியே மூட்டம் கடையின் வாசற்படியில் ஏறி நின்றது. தேவசகாயம் காலிக் காகிதங்கள் எட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் சிட்டிகை எடுத்த பெட்டிகளெல்லாம் ஐம்பது கிலோத் தேயிலைப் பெட்டிகள்; ஒரு சிட்டிகை குறைந்தது எதிலும் தெரிந்ததில்லை.

பிறகு அவர் ஹாஜிரா பீவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்ணே."

"ஏன் சொல்லலை?"

"ஒரு மனுஷன் பொண்டாட்டிக்காகக் காலங்காத்தால பனியில நடந்து வர்றார். பிடுங்கிட்டுப் போறது நாலு முடி. அதையா போய்ச் சொல்லுவாங்க?" ஹாஜிரா பீவி துணியை உதறி மடித்தார். "நடுவுல ரெண்டு பேர் இதைக் கேட்டாங்க. ஏற்கனவே ஒருத்தருக்குன்னு ஆயிடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்க முழுசாப் பிடுங்கி முடிக்கிறதுக்குள்ள வாங்கிருவீங்கன்னு ஒரு நம்பிக்கைதான்."

தேவசகாயம் சிரிக்க முயன்றார். வரவில்லை. போர்வையின் மேல் கையை வைத்தார். ஊதவில்லை, மடிக்கவில்லை, கிள்ளவில்லை, சும்மா வைத்தார். கை மெல்லப் புதைந்து, சற்று நேரத்தில் எது கை எது ரோமம் என்று தெரியாமல் போனது. உறக்கம் வருவதற்குச் சற்று முன்னால் உடம்பு தன் எல்லையை மறப்பதுபோல் இருந்தது. உள்ளங்கையில் சூடு பரவியது. அது போர்வையின் சூடு அல்ல, தம்முடையதே திரும்பி வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"நல்ல போர்வைதான்" என்றார். "முதல் நாளே தெரியும்."

துடைத்த விளக்கை ஹாஜிரா பீவி அலமாரியில் வைத்தார்.

"முதல் நாளே தெரியும், அம்மா. வீட்டுக்குப் போற வழியெல்லாம் மனசு வேற ஒண்ணைச் சொல்லிக்கிட்டே இருந்துது. கம்பளி போர்த்திப் பார்த்தாச்சு. தவிட்டு ஒத்தடம் குடுத்துப் பார்த்தாச்சு. கணப்பு வெச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் அவ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுறா, இல்லைன்னு. இது ஒண்ணுதான் மிச்சம். இது கடையில தொங்குற வரைக்கும் இது இருக்குன்னு நினைச்சுக்கலாம். இதையும் வாங்கிப் போர்த்தி, அப்பவும் அவளுக்குக் குளிர்ந்துதுன்னா…"

மூட்டத்துக்குள் எங்கோ மலை ரயிலின் கூவல் எழுந்து, பாதியில் கரைந்தது.

"அப்பவும் குளிர்ந்துதுன்னா, அதுக்கப்புறம் நான் எங்கேம்மா போவேன்?"

உமையாள் காலிக் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"எங்கேயும் போக மாட்டீங்க, ஐயா. அன்னைக்குத்தான் வீட்டுல இருப்பீங்க."

தேவசகாயம் பணத்தை எடுத்தார். முதல் நாள் ஹாஜிரா பீவி கேட்ட விலையையே எண்ணிக் கொடுத்தார். மூலையில் நிரவியிருந்த முடிகள், போர்வையை மடிக்கும்போது தூசியோடு தூசியாக உதிர்ந்தன. யாரும் அவற்றைத் தேடவில்லை.

மறுநாள் காலையும் மூட்டம் இருந்தது. ஹாஜிரா பீவி கடையைத் திறந்து, காலியாக இருந்த ஆணியில் ஒரு பழைய நிலைக்கண்ணாடியை மாட்டிவிட்டு, அதில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். உமையாள் வழக்கமான நேரத்தில் கண்களை மூடினார். நான்கு பேர் உடன் அமர்ந்திருந்தார்கள். அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை.

சலேத்மேரி விழித்தபோது கன்னம்வரை ரோமம் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் கணவர் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் போகவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் சற்று நேரம் போர்வைக்குள் அசையாமல் கிடந்து, தன் உடம்பைத் தானே விசாரித்தாள்.

"முதுகுல இல்லை," என்றாள். "கால்ல மட்டும் இன்னும் குளிருது."

தேவசகாயம் போர்வையின் ஓரத்தைத் தூக்கி, அவளுடைய இரண்டு பாதங்களையும் தம் மடிமேல் எடுத்து வைத்து, கைகளால் மூடி, ரோமத்தை மீண்டும் இழுத்து விட்டார். எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.